நான் பேசாத ஞாயிற்றுக்கிழமை

ஐந்தருவி சாலை,
குற்றாலம்.
4 ஆகஸ்ட் 2025

சுஜிதாவுக்கு,

மேலகரம் கடைத்தெருவில் பேசிக்கொள்வது போல, நான் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஆள் அடிபட்ட பிறகு இல்லை என்று மறுக்கவில்லை. ஜூலை பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அருவியைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் முடிந்து, சாரல் படக்கூடாது என்று டாக்டர் சொன்னபடி, கறுப்புக் கண்ணாடியோடு அறைக்குள் இருந்தேன். அருவியைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி நான் பேசுவதில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். இனி நான் எந்தப் போனிலும் பேசப்போவதில்லை. என் பட்டன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன்னிடம் இருக்கும் என் குரல் போதும்.

நமக்குள் இருந்த ஏற்பாட்டையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீ வேறு மாதிரி சொல்லக்கூடாது. இரண்டு வருடமாகச் சாரல் காலத்தில் தினமும் விடிந்ததும் அருவி வரை நடந்துபோவேன். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பேன். மலையுச்சி தெரிகிறதா என்று பார்ப்பேன். வீடு திரும்பி உனக்கு போன் செய்து சொல்வேன். நீ அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவாய். நான் வாடகைக்கு விடும் நான்கு அறைகளுக்கு வருகிறவர்கள் "தண்ணி விழுதா ஆச்சி" என்று ஆளாளுக்கு போன் செய்து உயிரை எடுத்ததால் நீ சொன்ன யோசனை அது. நல்ல யோசனைதான். விருதுநகர் வரை ஆள் சேர்ந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள், பழக்கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள் எல்லாரும் என் பேச்சுக்குக் கீழே தங்கள் கடைப் பெயரைப் போடச் சொல்லி உன்னிடம் வந்தார்கள். அது உன் தொழிலாயிற்று. நான் அதில் பங்கு கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். மலை மூடியிருந்தாலோ தண்ணீர் கலங்கியிருந்தாலோ "பார்க்க வாருங்கள், குளிக்க வராதீர்கள்" என்று சொல்வேன். அதை வெட்டாமல் போட வேண்டும் என்றேன். சரி என்றாய்.

போன செவ்வாய்க்கிழமை வாசுதேவநல்லூரிலிருந்து பேச்சித்தாய் என்று ஒரு பெண் வந்தாள். குடை இல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"இங்கன ஐந்தருவி ஆச்சி யாரு?"

"நான்தான். ரூம் வேணுமா?"

"ரூம் வேண்டாம். இதக் கேளுங்க."

கேட்டுக்கு மேலே போனை நீட்டினாள். என் குரல் பேசியது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் தண்ணீர் அளவாக விழுகிறது, குடும்பத்தோடு தாராளமாக வரலாம் என்றது. நான் மூச்சு விடும் இடத்தில் அதுவும் மூச்சு விட்டது.

"இது யாரு குரலு?"

"என் குரலு மாதிரி இருக்கு. ஆனா நான் பேசல."

"நீங்க பேசல. அப்பம் பேய் வந்து பேசிச்சோ?"

அவள் கணவர் பிச்சையா, வேன் ஓட்டுகிறவர். காலையில் ஆச்சி பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஆள் சேர்ப்பாராம். அன்றைக்கு அவர் ஆட்களை ஏற்றி வந்து இறக்குவதற்குள் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வேனில் வந்தவர்கள், "ஆச்சி சொல்லிட்டு, ஆச்சி சொல்லிட்டுன்னு கூட்டிட்டு வந்தியே" என்று அவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். வெறுமனே திருப்பிக் கூட்டிப்போக மனமில்லாமல், பக்கத்தில் ஒரு தோப்புக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஆழம் பார்க்க முதலில் இறங்கியவர் அவர்தான். பாறை வழுக்கி முதுகெலும்பு முறிந்துவிட்டது. இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அந்தக் குரல் எப்படி வந்தது? சுற்றி வளைக்காமல் எழுது.

எமிலி ஞானவடிவு


மேலகரம்
9.8.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா? நான் வந்தால் கதவைத் திறக்க மாட்டீர்கள் என்று உங்களுக்குத் துணையாக இருக்கும் ஜாய் அக்கா சொன்னார்கள். அதனால்தான் வரவில்லை.

உண்மையையே எழுதுகிறேன். நீங்கள் ஆபரேஷனுக்குப் போனபோது, "பாண்டி பார்த்துச் சொல்லட்டும், நீ உன் பேரில் எழுதிப் போடு" என்றீர்கள். அப்படித்தான் செய்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற பாண்டி காலையில் போன் செய்வான், நான் எழுதிப் போடுவேன். யாரும் படிக்கவில்லை. நானே பேசியும் போட்டேன். "ஏட்டி நீ யாரு, ஆச்சி எங்க?" என்று கேட்டார்கள். ஒருத்தன் "ஆச்சி செத்துப்போச்சா" என்று கேட்டான். இன்னொருத்தன் உங்கள் பெயருக்குப் பூமாலைப் படம் போட்டான். ஆள் குழுவை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். பிரின்ஸுடைய மொபைல் கடையை மூடியதிலிருந்து எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

போனில் ஒரு ஆப் இருக்கிறது பெரியம்மா. பழைய பதிவுகளைக் கொடுத்தால் அந்தக் குரலைப் படித்துக்கொள்ளும். பிறகு நாம் எழுதிக் கொடுப்பதை அந்தக் குரலிலேயே வாசிக்கும். உங்கள் இரண்டு வருஷப் பேச்சும் என்னிடம் இருந்தது. நீங்கள் குணமாகிற வரைக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். முதல் நாள் போட்டுவிட்டு யார் என்ன எழுதுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வியாபாரிகள் சங்கத்துத் தாணுமாலயன் அண்ணாச்சி போன் செய்து, "ஆச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு போல, குரலு வெண்கலம் கணக்கா இருக்கு" என்றார்.

பதின்மூன்றாம் தேதி பாண்டி பார்த்தது பொய் இல்லை. விடியும்போது தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது. பிறகுதான் கூடியது. நீங்களே பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்த அண்ணன் ஓடைக்குப் போனது அவராகப் போனது. அதற்கு நீங்களோ நானோ என்ன செய்ய முடியும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குழுவை உண்டாக்கியது நான். ராத்திரியும் பகலும் அத்தனை பேருக்கும் பதில் சொன்னது நான். உங்கள் ரூமுக்கு வந்தவர்கள் ஒருமுறை "இந்தப் பொண்ணு யாரு ஆச்சி" என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். "போன் புடிக்கிற பிள்ளை" என்றீர்கள். நான் உங்கள் கொழுந்தன் மகள் என்றுகூடச் சொல்லவில்லை.

இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் பெரியம்மா. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பிரின்ஸ் பயப்படுகிறார். எங்கள் பிள்ளை நிவேதா இந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

சுஜிதா


குற்றாலம்.
14 ஆகஸ்ட் 2025

சுஜிதாவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதியதற்கு நன்றி. "போன் புடிக்கிற பிள்ளை" என்று நான் சொன்னது உண்மை. அது சரியில்லை. ஆனால் அதற்கான தண்டனையை வாசுதேவநல்லூர்க்காரர் அனுபவிக்கக் கூடாது.

நானே பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பாண்டி தண்ணீரைப் பார்த்தான். மலையைப் பார்த்தானா என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மலையை எதுக்கு ஆச்சி பாக்கணும், குளிக்கதுக்கு யாரு மலைக்குப் போறா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குக் குளிக்க ஆள் வர வேண்டும். மூன்று வாரம் என் குரலில் நீ போட்டவற்றை ஜாயின் போனில் வரிசையாகக் கேட்டேன். "குளிக்க வராதீர்கள்" என்று ஒரு நாள்கூட இல்லை. இந்த மழைக்காலத்தில் அப்படி ஒரு நாளும் இல்லாமல் இருக்காது. நீ அதை எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காததை அது எப்படிச் சொல்லும்?

நேற்று தாணுமாலயன் வந்திருந்தார். நீ அனுப்பினாயோ, அவராக வந்தாரோ, தெரியாது. ஒரு சீப்பு மலைப்பழம் கொண்டுவந்தார்.

"ஆச்சி, இந்த வருசந்தான் நீங்க மங்களமா பேசிருக்கிய. ஊரே வாழ்த்துது."

"நான் பேசல அண்ணாச்சி."

"தெரியும். சுஜிதா சொல்லிட்டு. நான் என்ன சொல்லுதேன்னா, நீங்க பேசுனதாவே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?"

"வாசுதேவநல்லூர்ல ஒரு ஆளு படுத்துக் கிடக்காரு."

"அது அவன் தலையெழுத்து. அதுக்கு நூறு குடும்பம் பட்டினி கெடக்கணுமா? வருசத்துல மூணு மாசம். அதுல பாதி நாளு நீங்க வராதியன்னு சொல்லிருவிய. மிசின் சொல்லல. அது நல்ல மிசின்."

பழத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

நீ செய்ய வேண்டியது இது. அதே குழுவில், உன் பெயரில், உன் குரலில், அந்த மூன்று வாரமும் பேசியது நானல்ல என்று சொல்ல வேண்டும். காரணத்தை நீ எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள். இந்த மாதக் கடைசி வரை பொறுத்திருப்பேன். சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

எமிலி ஞானவடிவு


மேலகரம்
5.9.2025

பெரியம்மா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜாய் அக்கா எடுத்துக் குழுவில் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். வெள்ளைச் சேலையில், பாலத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்த மூன்று வாரமும் பேசியது நீங்கள் இல்லை என்று சொன்னீர்கள். உங்களுக்குச் சளி பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றவில்லை. தொண்டை கட்டி, இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினீர்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆச்சி குரலு இப்படியா இருக்கும்? இது கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்றார்கள். "இப்பம்லாம் மூஞ்சியவே செஞ்சிருதானுவ" என்றார்கள். "கண்ணாடிய எதுக்குப் போட்டிருக்கு? கண்ணு சரியா வரலபோல" என்று ஒருத்தன் எழுதினான். எல்லாரும் அதற்குச் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் தாணுமாலயன் அண்ணாச்சியும் இன்னும் இரண்டு கடைக்காரர்களும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "இதுக்கு ஒரு முடிவு கட்டு, இல்லேன்னா நாங்களே போலீஸ்ல உம்பேரச் சொல்லுதோம்" என்றார்கள். நிவேதாவை உள்ளே போகச் சொன்னேன். அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "என் பெயரில் ஒரு போலி வீடியோ வருகிறது, யாரும் நம்ப வேண்டாம், நான் நலமாக இருக்கிறேன், அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது." உங்கள் குரலில் போட்டேன்.

நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன்.

உங்கள் கெடு முடிந்துவிட்டது என்று தெரியும். நான் சொல்லத்தான் நினைத்தேன். இனி யார் சொன்னாலும் நம்புவார்களா என்று தெரியவில்லை.

சுஜிதா


குற்றாலம்.
11 செப்டம்பர் 2025

சுஜிதாவுக்கு,

கேட்டேன். ஜாய் போனைக் கொடுக்கத் தயங்கினாள். நான்தான் கேட்டு வாங்கினேன். எழுபத்து நான்கு வயதில் என் குரலே என்னைப் பொய்க்காரி என்று சொல்வதைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சளி இல்லை. தடுமாற்றம் இல்லை. நானே கேட்டிருந்தால் அதைத்தான் நம்பியிருப்பேன்.

மறுநாள் பால் வாங்கப் போனேன். பாண்டி வழியில் நின்றுகொண்டு, "ஆச்சி, நீங்க ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நான் பால் வாங்காமலே திரும்பி வந்தேன்.

அறைகளுக்கு ஆள் வருகிறார்கள். குரலைக் கேட்டு வருகிறார்கள். வாசலில் நான் பேசினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மதுரைக்காரர் ஒருவர், "போன்ல பேசுத ஆச்சி இல்லையா, நீங்க அவங்க தங்கச்சியா?" என்று மரியாதையாகவே கேட்டார். நான்தான் என்று சொல்லவில்லை. அவருடைய அறைக் கதவைக் காட்டினேன்.

தாணுமாலயனும் ஆட்களும் வீட்டு வாசலை அடைத்து நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் அவர்கள் நின்றது உன் வாசலில். நீ எழுதியது என் வாயில். இரண்டையும் ஒன்றாக நினைக்காதே.

நான் பேச்சித்தாயைப் பார்க்க இரண்டு முறை வாசுதேவநல்லூர் போய்வந்தேன். முதல் தடவை, என் குரல் இல்லையென்றால் அது யாருடையது என்று மட்டும் கேட்டாள். இரண்டாம் தடவை, "நீங்களே நீங்க இல்லன்னு சொல்லுதிய, பொறவு நீங்களே அதுவும் பொய்யின்னு சொல்லுதிய. நான் எந்த ஆச்சிய நம்பணும்?" என்று கேட்டாள். உள்ளே கட்டிலில் அவர் படுத்திருந்தார். முதுகில் புண் வைத்துவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "வாங்க ஆச்சி" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நீ எழுத வேண்டியது ஏதும் இருந்தால் எழுது. என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை.

எமிலி ஞானவடிவு


மேலகரம்
18.10.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நான் குழுவை விட்டு வந்துவிட்டேன். அந்த நம்பர், ஆப், உங்கள் பதிவு எல்லாவற்றையும் சங்கத்திடம் கொடுத்துவிட்டேன். கொடுத்தேன் என்பதைவிட எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சரி. இனி தென்காசியில் ஒரு பையன் எழுதிப் போடுகிறானாம். பிரின்ஸுக்குப் புளியறையில், செக்போஸ்ட் பக்கம் ஒரு ஓட்டலில் கல்லாவில் வேலை கிடைத்திருக்கிறது. லாரிக்காரர்கள் வருகிற கடை. ராத்திரி வேலை. நான் நிவேதாவோடு இங்கேயே இருக்கிறேன். தையல் எடுத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் குரலை அழித்துவிடச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏட்டி, அது இப்பம் ஆச்சி குரலு இல்ல, குத்தாலத்துக் குரலு" என்று சொல்லிவிட்டார். ஆப்காரர்களுக்கும் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை. யார் யாரிடம் அந்தப் பதிவு போயிருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாது. செங்கோட்டையில் ஒரு ரம்புட்டான் கடை விளம்பரத்தில் நீங்கள் பேசுகிறீர்கள் என்று ஒருத்தி சொன்னாள். நான் போய்க் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாதம் நானும் வாசுதேவநல்லூர் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் தெருவைக் கேட்டுக் கேட்டு முனை வரைக்கும் போய்விட்டேன். வேன் வாசலில் நின்றது. அதன்மேல் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு பொம்பளை வெளியே வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதுதான் பேச்சித்தாயா என்று தெரியவில்லை. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். போய் என்ன சொல்வேன்? உங்களைக் கெடுத்தது ஆச்சி இல்லை, நான்தான் என்றா? அவள் என்னைச் சும்மா விடுவாளா? அவள் விட்டாலும் அவள் ஆட்கள் விடுவார்களா? எனக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கிறது பெரியம்மா.

நீங்கள் பெரியவர்கள். உங்களை யார் என்ன செய்துவிட முடியும்? கொஞ்ச நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். இதை இத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சுஜிதா


ஐந்தருவி சாலை,
குற்றாலம்.
24 நவம்பர் 2025

சுஜிதாவுக்கு,

பிச்சையா போன புதன்கிழமை இறந்துவிட்டார். முதுகுப் புண்ணிலிருந்து சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் போனேன். ஜாய் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருவுக்குள் நுழையும்போதே பேச்சித்தாயின் அண்ணன் எதிரே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஆச்சி, நீங்க உள்ள வர வேண்டாம். அவ உங்களப் பாத்தா தாங்க மாட்டா."

"மாலைய மட்டும் வச்சிட்டுப் போயிருதேன்."

"மாலைய எங்கிட்ட குடுங்க. நான் வைக்கேன்."

கொடுத்தேன். வைத்தாரா என்று தெரியாது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது எப்படிப் போகும் என்று தெரியும். போனவர் எப்படி வாழ்ந்தார், எதனால் போனார், யார் கெடுத்தார் என்று ஒவ்வொன்றாக வரும். பேச்சித்தாய் எடுத்துச் சொன்னாள், மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள். "ஐந்தருவி ஆச்சி சொல்லை அரிச்சந்திரன் சொல்லுன்னு நம்பிப் போன என் ராசா" என்று சொன்னாள். அத்தனை பெண்களும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சுற்றி வந்தபோது இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். அதற்குள் அவர்களுக்கு அது பழகிவிட்டிருந்தது.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். குழுவில் பேசுவதை மறப்பார்கள். ஒப்பாரியில் வந்ததை மறக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அடுத்த சாவுக்கும் அதைச் சொல்லி அழுவார்கள். அந்தத் தெருவில் பிறக்கிற பிள்ளைகளுக்கு என் முகம் தெரியாது. நான் பொய் சொல்லி ஒரு ஆளைக் கொன்றவள் என்பது மட்டும் தெரியும்.

இப்போது கார்த்திகை. சபரிமலைக்குப் போகிறவர்கள் குளிக்க வர ஆரம்பித்துவிட்டார்கள். ஐயப்பசாமிமார்களை என் குரல் "சாமி சரணம்" சொல்லி வரவேற்கிறதாம். போன வாரம் ஆராதனை முடிந்ததும் ஒருத்தி, "நீங்க எப்பம் மாலை போட்டிய?" என்று கேட்டுச் சிரித்தாள். அதை யாராலும் நிறுத்த முடியாது என்று நீ எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். நான் செத்த பிறகும் அது பேசும். ஜாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் அடக்கத்தன்று அது பேசினால் போனை அணைத்துவிடச் சொல்லி. வேறு என்ன செய்ய முடியும்?

தென்காசியில் ஒரு வக்கீல், புகார் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. இன்று வரை பேச்சித்தாயிடம் உன் பெயரைச் சொல்லவில்லை. அது என் குரல் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். அப்படியானால் யாருடையது என்று கேட்டாள். பேசாமல் நின்றேன். அந்த இடத்தில்தான் அவள் என்னைப் பொய்க்காரி என்று முடிவு செய்தாள். உன்மேல் உள்ள பாசத்தால் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. என் வீட்டுப் பெண்ணின் பெயரை அயலாரிடம் கொடுத்து என்னைக் காப்பாற்றிக்கொள்வது எனக்கு முடியாத காரியம். நீயாகக் கொடுத்தால்தான் உண்டு.

அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்டது பெரிய காரியம். ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னேன். அதை இப்போது கேட்கவில்லை. ஊர் எதை வேண்டுமானாலும் நம்பட்டும். அந்த ஒருத்திக்கு மட்டும் தெரிய வேண்டும். அவள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தன் கணவர் எதை நம்பிப் போனார் என்பதைத் தெரிந்துகொண்டு அவள் அழட்டும்.

நீ பயப்படுவது நியாயம்தான். அவள் அடிக்கலாம். அவள் அண்ணன் கை ஓங்கலாம். முதல் அடி என்மேல் விழும்படி முன்னால் நிற்பேன். அவர்கள் போலீசுக்குப் போனால், உன்னிடம் ‘எழுதிப் போடு’ என்று சொன்னது நான் என்று அங்கேயும் சொல்வேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதை மட்டும்தான் சொல்வேன். அதற்கு மேல் உனக்காக ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

டிசம்பர் நான்காம் தேதி பதினாறாம் நாள் காரியம். அன்றைக்குச் சொந்தமெல்லாம் கூடும், மறுபடி ஒப்பாரி எடுப்பார்கள். அதற்கு முன்னால் திங்கட்கிழமை, முதல் தேதி காலையில் நான் வாசுதேவநல்லூர் போகிறேன். தென்காசி பஸ் நிலையத்தில் ஒன்பது மணிக்கு நிற்பேன். நீ வந்தால் இரண்டு பேருமாகப் போவோம். வராவிட்டால் நான் மட்டும் போய், அந்தச் சுவர் ஓரமாக நிற்பேன். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் போவேன்.

ஜாயிடம் சொல்லி அனுப்பாதே. போன் செய்யாதே. வருகிறாயா, இல்லையா என்பதைச் சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி உன் கையால் எழுதி அனுப்பு.

எமிலி ஞானவடிவு